மடி லேசு

2024 ஓகஸ்ட் 13, செவ்வாய்க்கிழமை.
இன்று விட்ட பிழை: கதிரைகளை எதிரெதிரே போட்டது. (திகதியை முதலில் 12 என்று எழுதி வெட்டினேன். அதையும் சேர்த்தால் இரண்டு.)
நாளை செய்ய வேண்டியது: வாப்பாவுக்குக் கடற்கரைக்குத் தேத்தண்ணி கொண்டு போவது. பஹ்மியிடம் எதையும் கேட்காமல் இருப்பது.

இவ்வளவையும் எழுத ரிஸ்லாவுக்கு அரை மணித்தியாலம் எடுத்தது. எழுதிவிட்டுத் திரும்ப வாசித்தாள். கதிரை போட்டது பிழையா, கேள்வி கேட்டது பிழையா, தான் இந்த வகுப்பில் சேர்ந்ததே பிழையா என்று யோசித்தாள். மூன்றாவதை எழுதவில்லை.

மூதூரில் நூலகக் கட்டடத்தின் மேல்மாடியில் திங்களும் புதனும் பின்னேரம் நடக்கும் உளவளத்துணை வகுப்பு அது. தயாளினி மிஸ் திருகோணமலையிலிருந்து படகில் வந்து படிப்பிப்பவர். முதல் நாளே அவர் எல்லாருக்கும் ஒரு கொப்பி வாங்கச் சொன்னார். "ஒரு நாளைக்கு ஒரு பிழை, அடுத்த நாளைக்கு ஒரு வேலை. அவ்வளவுதான் எழுத வேணும். மற்றவையின்ர பிழை வேண்டாம். உங்கட பிழை" என்றார். இருபத்தொரு வயது ரிஸ்லாவுக்கு அது பிடித்துப்போனது. பிழை தேடுவதில் அவள் சின்ன வயதிலிருந்தே கெட்டிக்காரி.

இந்தச் செவ்வாய் பின்னேரம் குசினிக்குப் பக்கத்து அறையில் இரண்டு கதிரைகளை நேருக்கு நேர் போட்டு, மிஸ் கொடுத்த இருபது கேள்வித் தாளை மடியில் வைத்துக்கொண்டு தம்பியைக் கூப்பிட்டாள். பஹ்மிக்குப் பதினேழு வயது. உயர்தரம் படிக்கிறான். கதிரையைப் பார்த்தான், தாளைப் பார்த்தான், ராத்தாவின் முகத்தைப் பார்த்தான்.

"என்ன ராத்தா, பொலிஸ்ல என்ட்ரி போடப் போறீங்களா?"

"சும்மா வகுப்புக்குத்தான். உள்ளதைச் சொல்லு. நினைச்சதை விடக் கூடுதலான நேரம் போன்ல விளையாடி இருக்கியா?"

"இல்ல."

"விளையாடினதை வீட்டாக்களுக்கு ஒளிச்சிருக்கியா?"

"இல்ல."

இருபதுக்கும் இல்லைதான். கடைசியில், "மார்க்ஸ் எவ்வளவு? பாஸா?" என்று கேட்டுவிட்டு எழும்பிப் போனான்.

போன் எந்நேரமும் அவன் கையில்தான்; அத்தனையும் பொய் என்பது ரிஸ்லாவுக்குத் தெரியும். அதற்கு முந்தின நாள், திங்கட்கிழமை, வகுப்பு முடிந்து இறங்குதுறை வீதியால் வரும்போது யோகலிங்கத்தின் எஞ்சின் திருத்தும் கடையில் தங்கள் படகின் எஞ்சினைக் கண்டிருந்தாள். மூடியில் வாப்பா சிவப்புப் பெயின்ற்றில் எழுதிய 'அ' இருந்தது. உப்புக் காற்றுப் படாமல் மேலே ஈரமில்லாத சாக்கொன்று போட்டிருந்தது.

"எங்கட எஞ்சின்ட பிஸ்டன் வந்துட்டா அண்ணன்?" என்று கேட்டாள்.

யோகலிங்கம் கைத்துணியில் விரல்களைத் துடைத்தார். "அது போட்டு முடிஞ்சு ரெண்டு கிழமை ஆகுது, தங்கச்சி. தம்பியிட்டச் சொன்னனான். வாப்பா பிறகு வருவார் எண்டு சொன்னவர்." அவளுடைய முகம் மாறியதைக் கண்டதும் குரலைத் தாழ்த்தினார். "நான் வாப்பாவுக்கு ஆள் விட்டுச் சொல்லியிருக்கலாம். பொடியன்ர முகம் சரியில்ல. அதான் விட்டுப் பாத்தனான். இன்னும் ஒரு கிழமை பிந்தினா எஞ்சின் கெட்டுப் போகாது."

வீட்டில் பஹ்மி சொல்லிக்கொண்டிருந்த கதை வேறு. பிஸ்டன் கொழும்பிலிருந்து இன்னும் வரவில்லை, வந்தவுடன் கட்டி எடுக்கிறேன், திருத்தக் கூலிக்கு வாப்பா தந்த காசு என்னிடமே இருக்கட்டும். போனோடு செய்யும் அலுவலெல்லாம் அந்த வீட்டில் பஹ்மியின் பொறுப்பு. வாப்பா அபூதாஹிர் நம்பினார். தன் படகைக் கரையில் கவிழ்த்துவிட்டு, ஸைனுலாப்தீன் முதலாளியின் கரைவலைக்குக் கயிறு இழுக்கப் போனார். சொந்தப் படகுக்காரன் கூலிக்குக் கயிறு இழுப்பதை ஊர் பார்க்கத்தான் செய்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து கடைக்குத் தானே ஒருக்கால் போய்ப் பார்க்கிறேன் என்று அவர் சொல்லியிருந்தார்.

செவ்வாய் காலையில் அறை கூட்டும்போது பஹ்மியின் கட்டிலுக்கடியில் ஒரு பையை ரிஸ்லா கண்டாள். இரண்டு சேர்ட், பல்லுத்தூரிகை, பிறப்புச் சான்றிதழ். பிறப்புச் சான்றிதழைக் கண்ட பிறகுதான் அவன் வீட்டை விட்டுப் போகப் பார்க்கிறான் என்று அவளுக்கு விளங்கியது. அதனால்தான் அவசரப்பட்டுக் கதிரை போட்டாள்.

புதன் காலை ஆறு மணிக்கு ரிஸ்லா தேத்தண்ணிப் போத்தலும் ரொட்டியும் கொண்டு கடற்கரைக்குப் போனாள். தோணி வலையைச் சுற்றிப் போட்டுவிட்டு வந்திருந்தது. இரண்டு கயிற்றிலும் ஆட்கள் நின்று இழுத்தார்கள். கடலைப் பார்த்தபடி பின்பக்கமாக நடந்து நடந்து இழுக்க வேண்டும். கடைசி ஆள் மேட்டுக்கு வந்ததும் கயிற்றை விட்டுவிட்டு முன்னால் ஓடித் தண்ணீருக்குள் பிடிப்பான். ஆளின் முகத்தை ஆள் பார்ப்பதில்லை. ஒவ்வொருவனுக்கும் முன்னால் ஒரு முதுகுதான். வாப்பாவின் முதுகுக்குப் பின்னால் பஹ்மி நின்றான். பள்ளிக்கூடம் போகுமுன் ஒரு பாடு, அதாவது ஒரு தடவை போட்ட வலை, இழுத்துவிட்டுப் போவது அவன் வழக்கம்.

"காத்து மாஸ்டர்" என்று முன்னாலிருந்து ஜெமீல் கத்தினார். "இண்டைக்கு என்ன சொல்லுது உன்ட போன்?"

"பத்து மணிக்குப் பிறகு கச்சான் காத்து ஏறும் மாமா."

"மீன் எத்தினை மணிக்கு ஏறும் எண்டு சொல்லாதா அது?"

"அதுக்கு வேற காசு கட்டணும் ஜெமீல்" என்றார் மற்றக் கயிற்றில் நின்ற ஒருவர். எல்லாரும் சிரித்தார்கள். பஹ்மி சிரிக்கவில்லை என்பதை ரிஸ்லா மட்டும் கண்டாள்.

ஏழு மணிக்கு மடி கரை தட்டியது. வலையின் வால்பக்கத்துப் பை அது. மீனெல்லாம் கடைசியில் அதற்குள்தான் வந்து சேரும். காகங்கள் முந்திக்கொண்டன. மடியைப் பிரித்தால் ஒரு பிடி சூடை மீன், இரண்டு நண்டு, நிறையச் சாதாளைப் பாசி.

"மடி லேசு" என்றார் வாப்பா.

"லேசுதான். ஒரு பெரிய கூட்டம் மட்டுமட்டாத் தவறிட்டு. நான் கண்டன், அந்தா அதில துள்ளினது" என்றார் ஜெமீல்.

"அடுத்த பாட்டில பாப்பம்."

அந்தக் கரையில் வெறும் மடி என்று யாரும் சொல்வதில்லை. சொன்னால் அடுத்த பாடும் அப்படியே வரும் என்று ஒரு பயம். ஒன்றுமே வராவிட்டாலும் மடி லேசு, மீன் தவறிட்டு. அபூதாஹிரின் வீட்டில் அந்தப் பேச்சு குசினி வரைக்கும் வந்திருந்தது. அரிசி முடிந்தால் உம்மா பரீதா, "அரிசி லேசாயிட்டு மகள்" என்பாள். டின்னைத் தட்டினால் ஓசை மட்டும் வரும்.

ரிஸ்லா மணலில் போத்தலோடு நின்றாள். கடந்த வாரம் சுபஹுத் தொழுகைக்கு எழும்பியபோது பஹ்மி போர்வைக்குள் போனைப் பார்த்து முணுமுணுத்தது அவளுக்கு நினைவு வந்தது. மட்டுமட்டாத் தவறிட்டு. அடுத்த பாடு. அப்போது அவன் பாடம் பாடமாக்குகிறான் என்று நினைத்திருந்தாள்.

அன்று பின்னேரம் வகுப்பு முடிந்ததும், படகுக்கு நேரமாகிறது என்று அவசரப்பட்ட தயாளினி மிஸ்ஸைப் படியில் மறித்து எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லும்போதே சூதாட்டப் பழக்கம் பற்றிய பாடக் குறிப்பைத் திறந்து, "முதல் வெற்றி, மயிரிழையில் தவறுதல், எல்லாம் தன் கையில் இருக்கிறது என்ற எண்ணம், விட்டதைப் பிடிக்கப் பின்னால் ஓடுதல், எல்லாம் பொருந்துது மிஸ்" என்றாள்.

"பொருந்தட்டும். அது எனக்கும் உங்களுக்கும் விளங்கிறதுக்கு. அவருக்கு வாசிச்சுக் காட்டாதேங்கோ." மிஸ் ஒரு படி இறங்கி நின்றார். "பையை எடுத்து ஒளிக்கவும் வேண்டாம். உங்களுக்கு என்ன இருக்கு இப்ப? கோவமா?"

ரிஸ்லா யோசித்தாள். "பயம் மிஸ்."

"அப்ப அதைச் சொல்லுங்கோ. ஆஸ்பத்திரியில செவ்வாய்க்கிழமை உளநலக் கிளினிக் இருக்கு. அது பிறகு. முதல்ல பயத்தைச் சொல்லுங்கோ."

வியாழன் மத்தியானம் பள்ளிக்கூடம் விட்டு வந்து பஹ்மி சாப்பிட்டான். கீரிமீன் ஆணமும் சோறும். பிறகு ரிஸ்லா கிழிந்த வலையை முற்றத்தில் வேப்பமரத்துக்கும் வேலிக்கும் இடையில் இழுத்துக் கட்டினாள். நண்டு கடித்த ஓட்டைகள். பொத்துவதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கண்ணியை இழுத்துப் பிடிக்க, மற்றவர் ஊசியால் முடிச்சுப் போட வேண்டும். இரண்டு பேரின் கண்ணும் நூலில்தான் இருக்கும்.

பத்துப் பதினைந்து கண்ணி போனது.

"திங்கக்கிழமை யோகலிங்கண்ணன்ட கடைக்குப் போனனான்" என்றாள். "எஞ்சினுக்குச் சாக்குப் போட்டு மூடி வச்சிருக்கார்."

பஹ்மி பிடித்திருந்த கண்ணி தளர்ந்தது. பிறகு இறுகியது.

"கட்டிலுக்கடியில பையையும் கண்டனான். எடுக்கல்ல. உள்ளுக்கு அப்பிடியே இருக்கு. எனக்குப் பயமா இருக்குடா."

வேலிக்கு அப்பால் மீன்காரனின் சைக்கிள் ஹோர்ன் போனது. உள்ளே உம்மா அம்மியில் எதையோ அரைத்துக்கொண்டிருந்தாள்.

"பட்டம் ஒண்டு ராத்தா" என்றான் பஹ்மி. நூலைப் பார்த்தே சொன்னான். "போன்ல. அது மேல ஏறும். ஏற ஏறக் காசும் கூடும். நூல் அறுறதுக்குள்ள நாம அமத்தணும். எங்கட வகுப்புச் சஜீத்தான் காட்டினவன். முதல் நாள் அவன் தந்த சின்னக் காசில எனக்கு விழுந்திச்சு. நிறைய. அண்டைக்குத்தான் உம்மாக்குச் செருப்பு வாங்கினது. கணக்கு ரியூசன் சேர் பரிசு தந்தார் எண்டு சொன்னன்."

ரிஸ்லா முடிச்சைப் போட்டாள். அந்தச் செருப்பை உம்மா இன்னும் கல்யாண வீட்டுக்கு மட்டும்தான் போடுகிறாள்.

"நான் வாப்பாக்குக் காத்துச் சொல்றது பிழைக்கிறதில்ல. எல்லாரும் மாஸ்டர் எண்டு கூப்பிடுறாங்க. அப்ப இதையும் பாத்துப் பாத்துப் பிடிச்சிடலாம் எண்டு நினைச்சன். எத்தினையில அறும் எண்டு கொப்பியில எழுதினன் ராத்தா. உங்களை மாதிரி."

"பிறகு தோத்துட்டியா?"

"தோக்கல்ல. தவறினது. ஒவ்வொரு முறையும் மட்டுமட்டாத் தவறும். ஒரு செக்கன் முந்தி அமத்தியிருந்தா… எஞ்சின் காசில கொஞ்சம் எடுத்தா விட்டதைப் பிடிச்சிடலாம் எண்டு எடுத்தன். பிறகு அதைப் பிடிக்க மிச்சம்." அவன் மூக்கைத் தோளில் துடைத்தான். "அது ஏறக்குள்ள வேற ஒண்டும் ஞாபகம் வராது. சோதனை வராது. வாப்பா கயிறு இழுக்கிறது வராது. அறுந்த உடன எல்லாம் வரும். அதான் திரும்ப ஏத்துறது."

வகுப்பில் ஆறு மாதம் படித்ததை அவன் ஆறு நிமிடத்தில் சொல்லிவிட்டான் என்று ரிஸ்லாவுக்குத் தோன்றியது. அவனுக்கு நன்றி சொல்ல வேண்டும் போலிருந்தது. இந்த நேரத்தில் நன்றி சொல்வது முறையா என்று தெரியாமல் விட்டுவிட்டாள்.

"பை?"

"நாளைக்கு விடிய கொழும்பு பஸ். வாப்பா கடைக்குப் போகக்குள்ள நான் இங்க இருக்க ஏலாது."

"நீ இல்லாட்டி வாப்பா எஞ்சினைத் தேடுவாரா, உன்னைத் தேடுவாரா?"

பஹ்மி கண்ணியை இழுத்துப் பிடித்தான். அந்த ஓட்டை முடிந்ததும் ஊசியைத் தான் வாங்கி அடுத்ததைத் தொடங்கினான். "அசருக்குப் பிறகு நானே சொல்றன்" என்றான். "நீங்க பக்கத்தில நில்லுங்க. கதைக்க வேணாம்."

அசர் தொழுதுவிட்டு வந்து வாப்பா முற்றத்தில் கால் கழுவினார். கயிறு உரசிய உள்ளங்கைகளை உப்புத் தண்ணீரிலிருந்து எடுத்தது போல் உதறினார். பஹ்மி முன்னால் போய் நின்றான்.

"வாப்பா. எஞ்சின் காசு…"

"என்ன மகன்?"

அவன் வாய் அசைந்தது. இரண்டு தரம் தொடங்கி நிறுத்தினான். பிறகு அந்த வீட்டில் பழகிய சொல்லே வந்தது.

"தவறிட்டு."

வாப்பா தண்ணீர்க் கோப்பையை வைத்தார். "தவறிட்டா? எந்த இடத்தில? கட்டப் போற வழியிலயா?"

பஹ்மி வீதிப் பக்கம் பார்த்தான்.

"இறங்குதுறை வீதியிலதான் விழுந்திருக்கும். வா வா, வெளிச்சம் இருக்கக்குள்ள பாப்பம். பரீதா, காசு தவறிட்டாம் புள்ளைட கையில இருந்து." சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் வெளிக்கிட்டே விட்டார். உம்மா அம்மியை விட்டு, மஞ்சள் கையோடு ஓடி வந்தாள். "அடிபட்டுத் தவற விட்டியா மகன்? சைக்கிள் விழுந்ததா? அல்ஹம்துலில்லாஹ், ஆளுக்கு ஒண்டுமில்ல" என்று அவன் கை, முழங்கால் எல்லாம் தடவிப் பார்த்தாள். பிறகு விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு அவளும் நடந்தாள்.

வீதியின் இரு கரையும் மணல். வாப்பா ஒரு தடியால் சருகைக் கிளறினார். சைக்கிளில் வந்த ஜெமீல் இறங்கி, விஷயத்தைக் கேட்டுச் சைக்கிளை மதிலில் சாத்தினார். பஸ் நிற்குமிடத்தில் மரக்கறி விற்கும் அன்னலட்சுமி, "நில்லுங்கோ நானா" என்று தன் பெட்டிகளைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். "கத்தரிக்காய்க்குக் கீழ ஒண்டும் இல்ல" என்றாள்.

ரிஸ்லாவும் குனிந்து கிளறினாள்.

"பயப்படாத மகன்" என்றார் வாப்பா. அவர் இப்போது முழங்காலில் இருந்தார். "கச்சான் இந்தப் பக்கம் அடிக்குது. நோட்டு எண்டா வேலியோட ஒதுங்கிக் கிடக்கும். உன்ட போனைக் கேளு, நேத்துக் காத்து எந்தப் பக்கம் எண்டு. அந்தப் பக்கமும் பாப்பம்."

வேலியின் அடிக்குள் கையை விட்டுத் தடவினார். முள் கீறியது. மறு கையால் துடைத்துவிட்டுத் திரும்பவும் விட்டார்.

"வாப்பா, தேடாதீங்க."

"கொஞ்சம் இரு மகன்."

"வாப்பா." பஹ்மி அவர் பக்கத்தில் மணலில் குந்தினான். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. வேலியைப் பார்த்தபடி சொன்னான். "தவறல்ல. தோத்துட்டன்."

வாப்பாவின் கை வேலிக்குள் நின்றது. "ஆரோட?"

"போனோட."

"போன் ஆக்களோட பந்தயம் கட்டுமா?"

"கட்டும் வாப்பா. பிஸ்டன் ரெண்டு கிழமைக்கு முந்தியே வந்திட்டு. எஞ்சின் கடையில ரெடியா இருக்கு. நான் பொய் சொன்னனான்."

ஜெமீல் தற்செயலாகச் சைக்கிள் செயினில் ஏதோ பிழை கண்டவர் போல அந்தப் பக்கம் போனார். உம்மாவின் விளக்குமாறு நின்றது. 

"எல்லாமா?" என்றார் வாப்பா.

"ஓம்."

வாப்பா கையை வெளியே எடுத்தார். மணலில் சரியாக உட்கார்ந்தார். ரிஸ்லா அவர் அடிப்பார் என்று நினைத்து ஓரடி முன்னால் வந்தாள்.

"வெறும் மடியா?"

அந்தச் சொல்லை வாப்பாவின் வாயால் அவள் கேட்டதில்லை. உம்மா தலைமுந்தானையை வாயில் வைத்தாள்.

"ஓம் வாப்பா" என்றான் பஹ்மி. "வெறும் மடி." பிறகுதான் அழுதான்.

வாப்பா அவனைத் தொடவில்லை. கீறிய கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னும் ஒரு பாடு போட்டாப் பிடிச்சிடலாம் எண்டு மனசு சொல்லுதா?"

"சொல்லுது."

"எனக்கும் சொல்லும்" என்றார் வாப்பா. "முப்பது வருசமாச் சொல்லுது. நான் வீட்ட வந்து ஒருக்காலும் வெறும் மடி எண்டு சொன்னதில்ல, என்ன? உனக்கு அந்தச் சொல்லு எங்க இருந்து வரும்." எழும்பி மணலைத் தட்டினார். குரல் இப்போதுதான் உடைந்தது. "ஆனாப் பொய் சொன்னாய்தானே. ரெண்டு கிழமை. என்ட முதுகுக்குப் பின்னால நிண்டு கயிறும் இழுத்தாய்."

"கிடைச்சிச்சா நானா?" என்று பஸ் நிற்குமிடத்திலிருந்து அன்னலட்சுமி கேட்டாள்.

வாப்பா திரும்பிப் பார்த்தார். "ஓம் தங்கச்சி" என்றார். "கிடைச்சிட்டு. நீங்க பெட்டியை இறக்குங்க."

விளக்குமாற்றையும் தடியையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்கள். வந்ததும் உம்மா பேசினாள், மஃரிப் தொழுகை வரைக்கும் பேசினாள். வாப்பாட கையைப் பாத்தியா, நீ வாங்கித் தந்த செருப்பை நான் இனி எப்படிக் காலில போடுவன். வாப்பா பள்ளிக்குப் போய், வழமையை விடப் பிந்தி வந்தார். வந்து பஹ்மியிடம், "நாளைக்கு யோகலிங்கத்திட்ட நீதான் கதைக்கணும். நான் பக்கத்தில நிப்பன்" என்று மட்டும் சொன்னார்.

பஹ்மி போனை எடுத்து உம்மாவின் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டித் திறப்பை அவளிடமே கொடுத்தான். கொடுத்த பிறகும் அவன் கை இரண்டு தரம் சட்டைப்பைக்குப் போய் வந்ததை ரிஸ்லா கண்டாள். அறைக்குள் போனபோது அந்த இரண்டு சேர்ட்டும் கொடியில் தொங்கின. பிறப்புச் சான்றிதழ் மேசையில், அவளுடைய கொப்பிக்கு மேலே வைத்திருந்தது. அவள் அதை எடுத்துப் பழைய ஃபைலில் வைத்துவிட்டு எழுத உட்கார்ந்தாள்.

2024 ஓகஸ்ட் 15, வியாழக்கிழமை.
இன்று விட்ட பிழை: காசு வீதியில் இல்லை என்று தெரிந்துகொண்டே நானும் குனிந்து தேடினேன். கால் மணித்தியாலம் இருக்கும். பஹ்மி சொல்லாமல் விட்டிருந்தால் இன்னும் தேடியிருப்பேனா என்று தெரியவில்லை. பிழை அல்லாத ஒன்றையும் இங்கேயே எழுதுகிறேன்: இன்று எங்கள் வீட்டில் நான்கு பேரும் சாப்பிட்டோம். அல்ஹம்துலில்லாஹ். அரிசி முடிந்துவிட்டது.
நாளை செய்ய வேண்டியது: காலை எட்டரைக்கு யோகலிங்கண்ணன் கடைக்கு வாப்பா, பஹ்மி, நான் மூவரும் போவது. பஹ்மிதான் கதைப்பான். எஞ்சினைத் தந்தாலும் தராவிட்டாலும், சாக்குப் போட்டு மூடி வைத்ததற்கு அவருக்கு நன்றி சொல்வது. வரும் வழியில் அரிசி வாங்குவது.